நஞ்சுக்கொடியில் கிடைத்த மூளைப் புரதம்

வழக்கமா நான் எழுதுறது கல்வெட்டு, கோட்டை, பத்மநாபபுரம், வேணாட்டு அரசர்கள் பற்றித்தான். இந்த முறை விஷயம் கொஞ்சம் தள்ளிப் போகுது. ஆனா இதுவும் வரலாறுதான். ஆரம்பிக்கிற இடம் தக்கலையில் எங்க வீட்டு மேசை மேல கிடந்த ஒரு மாத்திரை அட்டை.

அப்பா போன பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. சாப்பாடு இறங்கல. நாலைந்து மாதம் பார்த்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் எசிட்டலோபிராம் பத்து மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு அம்மா நிறுத்திட்டாங்க. போனில் கேட்டப்ப காரணம் சொல்லல. ஊருக்குப் போய் நேரில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாங்க.

"மக்களே, இது பைத்தியத்துக்குள்ள மாத்திரையாக்கும்னு சொல்லுகாவ. உள்ளதா?"

"இல்லம்மா" என்று சொல்லிவிடலாம். ஆனா "பின்ன என்னதுக்குள்ள மாத்திரை?" என்று அடுத்த கேள்வி வருமே. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் படிச்சது பி.இ. கம்ப்யூட்டர். எங்க தொழில்ல ஒரு புரோகிராம் புரியலைன்னா, அந்த வரியை முதலில் எழுதினது யார், எப்போ, எதுக்குன்னு பழைய பதிவுகளைத் தோண்டுவோம். அதே மாதிரி இந்த மாத்திரை உடம்பில் எதைப் பிடிக்குதுன்னு தேடினேன். செரோட்டோனின் டிரான்ஸ்போர்ட்டர் என்ற ஒரு புரதத்தை. சரி, மனித உடம்பில் அந்தப் புரதத்தின் முழு வரிசையை முதலில் பிரித்தெடுத்தவர்கள் யார்?

1993-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையில் போய் நின்றேன். எட்டு ஆசிரியர்கள். முதல் பெயர் எஸ். ராமமூர்த்தி. கடைசிக்கு முந்தின பெயர் வி. கணபதி. நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன்.

அதைவிட ஆச்சரியம் அடுத்த வரியில். மூளையின் பெயரால் பேசப்படுகிற இந்தப் புரதத்தை அவர்கள் எடுத்தது மூளையிலிருந்து இல்லை. நஞ்சுக்கொடியிலிருந்து.

செய்தி சொல்லியாச்சு, அப்புறம்?

கொஞ்சம் பின்னால் போவோம். ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லுக்குச் செய்தி சொல்ல ஒரு வேதிப்பொருளை இடைவெளியில் விடுது. செரோட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் எல்லாம் அந்த வகை. தமிழில் நரம்பியக்கடத்தி என்கிறோம். விட்ட பொருள் அங்கேயே கிடந்தா அடுத்த செய்தி கேட்காது. அப்போ அதை யார் அள்ளுறது?

1950களில் பலரும் நினைத்தது, நொதிகள் வந்து அதை உடைத்துத் தீர்த்துவிடும் என்று. அசிட்டைல்கோலின் விஷயத்தில் அது உண்மை. அதனால் மற்றதுக்கும் அப்படித்தான் இருக்கும்னு ஒரு ஊகம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த ஜூலியஸ் ஆக்சல்ராட் அதை உடைத்தார். கதிரியக்க ஹைட்ரஜன் கோர்த்த நார்அட்ரினலினைப் பிராணிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அது உடைந்து போகவில்லை. நரம்பு முனைகள் அதை அப்படியே திரும்ப உள்ளே இழுத்து வைத்துக்கொண்டன. 1961-ல் இன்னொன்றும் தெரிந்தது: மனச்சோர்வுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த இமிப்ரமின் இந்தத் திரும்ப இழுக்கும் வேலையைத் தடுக்குது. ஆக்சல்ராடுக்கு 1970-ல் நோபல் பரிசு, உல்ஃப் ஃபான் ஆய்லர், பெர்னார்ட் கட்ஸ் ஆகியோருடன் பகிர்ந்து கிடைத்தது.

நம்மூர்க் கணக்கில் சொன்னா, மடை திறந்து வயலுக்கு விட்ட தண்ணீரை, வேலை முடிந்ததும் மோட்டார் வைத்து மறுபடி குளத்துக்கே இறைக்கிற மாதிரி. அந்த மோட்டார்தான் டிரான்ஸ்போர்ட்டர். இமிப்ரமினும் பிற்பாடு வந்த ஃபுளூவாக்செட்டினும் எசிட்டலோபிராமும் மோட்டாரை மெதுவாக்குகிற மருந்துகள். வயலில் தண்ணீர் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும்.

ஆனா மோட்டார் இருக்குன்னு தெரிந்ததே தவிர அதைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. அது என்ன புரதம், எத்தனை அமினோ அமிலம், எந்த மரபணு, எதுவும் தெரியாமலே முப்பது வருஷம் மருந்து விற்றது.

வேலூர்: குடலில் ஆரம்பித்த வேலை

இப்போ வடிவேல் கணபதிக்கு வருவோம். அவருடைய ஆரம்பக் கட்டுரைகளைத் தேடினால் 1970களின் கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வருது. அங்கே வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஏ. என். ராதாகிருஷ்ணன் என்ற உயிர்வேதியியலாளருடன் சேர்ந்து கணபதி எழுதின கட்டுரைகளில் மூளை என்ற பேச்சே இல்லை. குரங்கின் சிறுகுடல்தான். சாப்பிட்ட புரதம் செரித்துச் சின்னத் துண்டுகளான பிறகு, இரண்டு அமினோ அமிலம் சேர்ந்த அந்தத் துண்டு, குடல் சுவரைத் தாண்டி எப்படி உள்ளே போகுது? இதுதான் கேள்வி.

இதற்கு ஒரு செய்முறை உண்டு. குடலின் உள்பக்கச் சவ்வை அரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரித்தெடுப்பார்கள். அந்தச் சவ்வுத் துண்டுகள் தானாகவே மூடிக்கொண்டு குட்டிக் குட்டிப் பைகளாகிவிடும். அந்தப் பைகளைக் கதிரியக்கம் ஏற்றின பொருளோடு சில நொடிகள் வைத்து, சட்டென்று வடிகட்டி, உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று எண்ண வேண்டும். வெளியே சோடியம் வைத்துப் பார், எடுத்துவிட்டுப் பார். அமிலத்தன்மையை மாற்றிப் பார். எது மோட்டாரை ஓட்டுதுன்னு பிடிபடும்.

கணபதி பின்னர் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரிலுள்ள ஜார்ஜியா மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே ஃபிரெடரிக் லைபாக்குடன் சேர்ந்து 1983-ல் ஒரு கட்டுரை. குடலிலும் சிறுநீரகத்திலும் அந்த இரட்டை அமினோ அமிலங்களை உள்ளே தள்ளுவது, எல்லோரும் எதிர்பார்க்கிற சோடியம் இல்லை, ஹைட்ரஜன் அயனி என்று காட்டியது. விலங்கு உடம்பில் மோட்டார் என்றாலே சோடியம்தான் என்றிருந்த காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மூளை ஆராய்ச்சி என்றால் மூளையில்தான் ஆரம்பிக்கணும்னு நினைச்சிட்டிருந்தேன். இந்தக் கதையின் வேர் குடல் சவ்வில், வேலூரில் கற்ற கைப்பழக்கத்தில் இருக்கு.

எறிகிற உறுப்பு

எங்க பக்கம் மாடு கன்று ஈன்றால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, பால் வடிகிற மரத்தில் தொங்கவிடுவார்கள். அப்போதான் மாட்டுக்குப் பால் ஊறும்னு நம்பிக்கை. சின்ன வயசில் ஆலமரத்தடியில் நடக்கும்போது மேலே பார்த்துக்கொண்டே மூக்கைப் பிடித்து ஓடியிருக்கேன். மனுஷிக்கு வருவதை நஞ்சுக்கொடி என்கிறோம். பெயரிலேயே நஞ்சு. பிள்ளை வந்ததும் அதன் வேலை முடிந்தது. வீட்டுப் பிரசவம் நடந்த காலத்தில் புதைத்தார்கள், இப்போ ஆஸ்பத்திரிக் கழிவு.

ஆனா சவ்வு ஆராய்ச்சி செய்கிறவருக்கு அது பொக்கிஷம். காரணம் எளிது. மனித மூளைத் திசு கிடைப்பது ரொம்பக் கஷ்டம். கிடைத்தாலும் இறந்து சில மணி நேரம் ஆனது. நஞ்சுக்கொடியோ ஒவ்வொரு பிரசவத்திலும் புதுசாக, உயிரோடு, அரைக்கிலோ கிடைக்குது. அதில் தாயின் இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துச் சவ்வு, குடல் சவ்வு மாதிரியே துருத்தித் துருத்தி, பிரஷ் போல இருக்கும். குடலுக்குச் செய்த அதே செய்முறை இங்கேயும் செல்லும்.

1989-ல் அகஸ்டா குழு தன் முடிவை வெளியிட்டது. நஞ்சுக்கொடிச் சவ்வு செரோட்டோனினை உள்ளே இழுக்குது. அதற்குச் சோடியம் வேணும், குளோரைடு வேணும். இமிப்ரமின் கொடுத்தா நின்றுபோகுது. இவை எல்லாம் நரம்பு முனையிலிருக்கும் மோட்டாரின் குணங்கள். அதாவது, மூளையில் இருக்கிறதா நினைத்த அதே மோட்டார் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கு!

அங்கே அதற்கு என்ன வேலை? செரோட்டோனின் இரத்தக்குழாயைச் சுருக்கும். தாயின் இரத்தம் நஞ்சுக்கொடியில் தடையில்லாமல் ஓடணும்னா அந்தப் பொருள் அங்கே தேங்கக் கூடாது. மோட்டார் அதை அள்ளிவிடும் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அது அமெரிக்காவில் கொக்கைன் பழக்கம் தலைவிரித்து ஆடின காலம். கொக்கைன் இதே மோட்டாரை அடைக்கும். கர்ப்பிணி கொக்கைன் எடுத்தால் நஞ்சுக்கொடியில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஒரு வழி திறந்தது. நார்அட்ரினலின் மோட்டாரும் நஞ்சுக்கொடியில் இருக்கு, அதையும் கொக்கைன் தடுக்கும் என்று 1993-ல் காட்டினார்கள். அந்தக் கட்டுரையின் முதல் பெயரும் ராமமூர்த்திதான்.

1993

இதற்கிடையில் மூளை ஆட்கள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1990-ல் காபா என்ற நரம்பியக்கடத்தியின் டிரான்ஸ்போர்ட்டர் மரபணு கிடைத்தது. 1991-ல் மனித நார்அட்ரினலின் டிரான்ஸ்போர்ட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே குடும்பம். அதே வருஷம் எலியின் செரோட்டோனின் டிரான்ஸ்போர்ட்டரை இரண்டு குழுக்கள் தனித்தனியே பிடித்தன. அதில் ஒரு குழுவின் தலை ராண்டி பிளேக்லி. அப்போ அவர் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் இருந்தார். அகஸ்டாவும் அதே ஜார்ஜியா மாநிலம்தான்.

ஒருவரிடம் எலியின் மரபணு வரிசை இருக்கு. இன்னொருவரிடம் அதே மோட்டார் நிறைய ஓடுகிற மனிதத் திசு இருக்கு. இரண்டும் சேர்ந்தன. நஞ்சுக்கொடியிலிருந்து மனித செரோட்டோனின் டிரான்ஸ்போர்ட்டரின் வரிசை வெளியே வந்தது. 630 அமினோ அமிலங்கள். சவ்வைப் பன்னிரண்டு முறை குறுக்கே கடக்கும் அமைப்பு. மரபணு இருப்பது 17-ஆவது குரோமோசோமில். அந்த வரிசையை வேறு மனித செல்களில் செலுத்தினால், அதுவரை செரோட்டோனினைத் திரும்பிப் பார்க்காத செல்கள் அதை உள்ளே இழுக்க ஆரம்பித்தன. மனச்சோர்வு மருந்தும் கொக்கைனும் போட்டால் நின்றது.

அதே வருஷம் கிளாஸ்-பீட்டர் லெஷ் குழு, இரத்தத் தட்டணுக்களில் இருப்பதும் மூளையில் இருப்பதும் ஒரே புரதம் என்று காட்டியது. நஞ்சுக்கொடி, இரத்தம், மூளை மூன்றிலும் ஒரே மரபணு, ஒரே மோட்டார். செரோட்டோனினே 1948-ல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது இரத்தத்திலிருந்துதான். உடம்பில் இருப்பதில் பெரும்பங்கு குடலில் இருக்கு. "மூளையின் மகிழ்ச்சி ரசாயனம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

ராமமூர்த்தி கேட்ட அடுத்த கேள்வி

சம்மந்த ராமமூர்த்தி இதோடு நிற்கவில்லை. பிளேக்லி வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு அவருடன் சேர்ந்து செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேள்வி இது: மோட்டார் ஒரே வேகத்தில் ஓடுதா, இல்லை தேவைக்கேற்ப கூடிக் குறையுதா?

செல்லுக்குள் கைனேஸ் என்ற நொதிகள் உண்டு. அவை புரதங்களில் பாஸ்பேட் என்ற சின்ன முத்திரையைக் குத்தும். 1998-ல், செரோட்டோனின் டிரான்ஸ்போர்ட்டரிலும் இந்த முத்திரை விழுது என்று ராமமூர்த்தி காட்டினார். புரதக் கைனேஸ் சி வேலை செய்தால் மோட்டாரில் முத்திரை விழும், மோட்டார் சவ்விலிருந்து செல்லுக்குள் இறங்கிவிடும். மேலே மோட்டார் எண்ணிக்கை குறையும். 1999-ல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை இன்னும் ஒரு படி மேலே. மோட்டார் வழியாக செரோட்டோனின் போய்க்கொண்டிருந்தால் முத்திரை விழாது, மோட்டார் மேலேயே நிற்கும். அதாவது வேலை இருக்கும்வரை ஆளை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். உள்ளே நுழையும் ஆம்ஃபெட்டமினும் செரோட்டோனின் மாதிரியே முத்திரையைத் தடுக்கும். ஆனா கொக்கைனும் மனச்சோர்வு மருந்துகளும் உள்ளே நுழையாமல் வாசலை அடைத்து நிற்பவை. அவை இருக்கும்போது செரோட்டோனினின் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது.

இதன் பொருள் என்னன்னா, மருந்து வாசலை அடைப்பதோடு முடியலை. எத்தனை வாசல் இருக்கணும் என்பதையும் அது தொடுகிறது. பின்னர் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வகத்தில் ராமமூர்த்தி இந்த முத்திரைகளைத் தொடர்ந்து தேடினார். 2007-ல், 630-இல் 276-ஆவது இடத்திலிருக்கும் திரியோனின் ஒரு முக்கியமான முத்திரை இடம் என்று அவர் குழு கண்டது. ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் புரோகிராம் நடத்தை மாறுகிற மாதிரி. இதைப் படிச்சப்ப என் தொழில் புத்தி சிரித்துக்கொண்டது.

தாக்கம்: நல்லதும் தப்பும்

ஒரு கண்டுபிடிப்பின் தாக்கத்தை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையால் அளப்பது வழக்கம். எனக்கு அது போதுமானதா தெரியலை. அதிலிருந்து என்ன முளைத்தது, என்ன தப்பாக முளைத்தது, இரண்டையும் பார்க்கணும்.

மரபணு கையில் கிடைத்ததும் முதலில் ஓடியது மனநோயின் வேரைத் தேடி. 1996-ல் லெஷ் குழு, இந்த மரபணுவின் முன்பகுதியில் நீளம் குட்டை என்று இரண்டு வகை இருக்கு, குட்டை வகை உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடுதல் என்று எழுதியது. 2003-ல் அவ்ஷலோம் காஸ்பி குழு, வாழ்க்கையில் அடி விழும்போது குட்டை வகைக்காரர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருது என்றது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் "மனச்சோர்வு மரபணு" என்று கொண்டாடின. நூற்றுக்கணக்கில் கட்டுரைகள். 2019-ல் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு வரை வைத்துச் சோதித்த ஒரு ஆய்வு, அப்படிப்பட்ட பதினெட்டு மரபணுக்களுக்கும் ஆதாரம் இல்லை என்றது. இந்த மரபணுவும் அதில் ஒன்று. மனச்சோர்வு என்றாலே செரோட்டோனின் குறைவுதான் என்ற எளிய கதையும் நிற்கவில்லை. மருந்து மோட்டாரைச் சில மணி நேரத்தில் பிடித்துவிடுது, மனசு தேற வாரங்கள் ஆகுது. நடுவில் மூளையில் என்னென்னவோ நடக்குது.

இதில் 1993 கட்டுரையின் தப்பு எதுவும் இல்லை. அவர்கள் சொன்னது, புரதம் இது, இப்படி இருக்கு, இதை இந்த மருந்து தடுக்குது என்று மட்டும். அது இன்றைக்கும் அப்படியே நிற்குது. மேலே கட்டின மாடிதான் இடிந்தது.

அஸ்திவாரத்தில் நல்ல சுவர்களும் எழும்பின. 2005-ல் ஒரு பாக்டீரியாவில் இருக்கும் இந்தக் குடும்பத்துத் தூரத்துச் சொந்தத்தின் முப்பரிமாண வடிவம் தெரிந்தது. செய்தது அமெரிக்காவில் எரிக் கூவோ ஆய்வகம். 2013-ல் அதே ஆய்வகத்தில் அரவிந்த் பென்மட்சா முதல் பெயராக, பழ ஈயின் டோபமின் டிரான்ஸ்போர்ட்டர் நார்டிரிப்டிலின் மாத்திரையை வாயில் கவ்வியபடி இருக்கும் படம் வந்தது. அவர் இப்போ பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சொந்த ஆய்வகம் வைத்து இதே குடும்பப் புரதங்களைப் படிக்கிறார். வேலூரில் குரங்குக் குடலில் ஆரம்பித்த மாதிரியான வேலை, ஒரு சுற்றுச் சுற்றி நாட்டுக்குள் வந்திருக்கு.

2011-ல் எலியில் செய்த ஒரு ஆய்வு, கரு வளரும் ஆரம்ப நாட்களில் அதன் முன்மூளைக்குச் செரோட்டோனின் கொடுப்பதே நஞ்சுக்கொடிதான் என்று காட்டியது. அகஸ்டாக்காரர்கள் மூளைக்கு மாற்றாக எடுத்த உறுப்பு, உண்மையிலேயே மூளை கட்டுகிற இடத்தில் பங்காளியாக இருந்திருக்கு.

2016-ல் மனித செரோட்டோனின் டிரான்ஸ்போர்ட்டரின் வடிவமே வந்தது. அதன் நடுவில் உட்கார்ந்திருந்த மருந்துகளில் ஒன்று எஸ்-சிட்டலோபிராம். எசிட்டலோபிராம் என்பது அதன் இன்னொரு பெயர். எங்க வீட்டு மேசை மேல கிடந்த அட்டை!

அம்மாவிடம் சொன்னது

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்ல முடியாது. அந்தப் படத்தைப் போனில் காட்டினேன். ரிப்பன் சுருட்டி வைத்த மாதிரி புரதம், நடுவில் சின்னதாக மருந்து. "இது உடம்பு முழுக்க இருக்கும்மா. இரத்தத்துல இருக்கு, குடல்ல இருக்கு, பிள்ளத்தாச்சிக்கு நஞ்சுக்கொடியில இருக்கு. பைத்தியத்துக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது. பிரஷர் மாத்திரை மாதிரி இதுவும் ஒரு இடத்தப் புடிக்குது, அவ்வளவுதான்" என்றேன். இதனால் துக்கம் போயிடும்னு சொல்லலை. அப்பா இல்லாத வீட்டுக்கு மாத்திரை இல்லை. தூங்கி எழுந்து சாப்பிடத் தெம்பு வரலாம், அதுதான் டாக்டரும் சொன்னது. இஷ்டத்துக்கு நிறுத்தினா தலைசுற்றும், அவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம் ஆரம்பிக்கவும் வேண்டாம் என்று மறுபடி அவரிடமே கூட்டிப் போனேன்.

இந்த ஆராய்ச்சியைச் செய்தவர்கள் பெயரையும் சொன்னேன். கணபதி, ராமமூர்த்தி. "நம்ம ஆளுவளா?" என்று கேட்டாங்க. வேலூரில் ஆரம்பித்த கதையைச் சொன்னேன். அம்மாவுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. யோசித்தது வேறொன்றை.

"நீ பெறந்தப்பம் உள்ளத ஆஸ்பத்திரிலதான் எடுத்துட்டு போனாவ. எங்க கொண்டு போட்டாவளோ" என்றாங்க.

இப்போ மூன்று மாதம் ஆகுது. மாத்திரை ஓடுது. போன வாரம் போன் செய்தப்ப முற்றத்தில் நின்று யாரிடமோ தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தாங்க. குரல் பழையபடி இருந்தது.

வேலூர் வெல்கம் பிரிவில் 1970களில் வேலை செய்தவர்கள், அவர்களோடு பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். கட்டுரைகள் கிடைக்குது. அந்த ஆய்வகத்தில் யார் எந்த மேசையில் உட்கார்ந்தார்கள், டீ எங்கே குடித்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் கட்டுரைகளில் இல்லை. அதையும் யாராவது எழுதி வைக்கணும்.